பனிமலைக்குச் சிக்கனமாய்ப் போய்ப் பத்திரமாய்த் திரும்ப…

தடம் விட்டு, இடுப்பளவுப் பனியில் ஸ்னோமொபைல் ஓட்ட எவ்வளவு செலவாகும்? எதில் மிச்சம் பிடிக்கலாம்? எதில் கைவைக்கவே கூடாது? அமெரிக்காவின் மொன்டானா மலைகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு முழுக் கணக்கு.

மொன்டானா மாநிலத்தின் தென் எல்லையில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாசலை ஒட்டி இருக்கிறது வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். குளிர்காலம் வந்துவிட்டால் இங்குள்ள பெட்ரோல் பங்குகளில் கார்களோடு சேர்ந்து ஸ்னோமொபைல்களும் வரிசையில் நிற்கும். தங்கும் விடுதியின் வாசலிலேயே வண்டியைக் கிளப்பி, தெரு வழியாக ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்துவிடலாம். மொன்டானாவும் ஐடஹோவும் சந்திக்கும் எல்லையில் உள்ள டூ டாப் மலைக்கு ஏறினால், பனியும் காற்றும் அப்பி அப்பி உருவமே மாறிப்போன மரங்கள் வெள்ளை வெளேரென நிற்கும். பனிப் பேய்கள் என்று அவற்றுக்கு உள்ளூரில் பெயர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு, ஒரு குளிர்காலத்திலாவது இதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இணையத்தில் பார்க்கும் காணொளிகள் அந்த ஆசையை வளர்க்கின்றன. வெண்பனியைக் கிழித்துக்கொண்டு, முகத்துக்கு மேலே பனித்தூள் பறக்க, சரிவில் சாய்ந்து திரும்பும் வண்டிகள்! விலையை விசாரித்ததும் பலர் பின்வாங்குகிறார்கள். வேறு சிலர் இருப்பதிலேயே மலிவான வழியில் கிளம்பி, மலையில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. இந்தப் பயணத்தை ஓரளவு சிக்கனமாகவே செய்ய முடியும். அதற்கு, எந்தச் செலவு சுகத்துக்கானது, எந்தச் செலவு உயிருக்கானது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தடமும், தடத்துக்கு வெளியேயும்

ஸ்னோமொபைல் பிறந்ததே உயிர் காக்கத்தான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊரில் மெக்கானிக்காக இருந்த ஜோசஃப்-அர்மாண்ட் பொம்பார்டியர், பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்யப் பல ஆண்டுகள் முயன்றுகொண்டிருந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தபோது, பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. 1937இல் பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த தன் இயக்க அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் வண்டி, பிறகு பன்னிரண்டு பேர் அமரும் வண்டி என்று அவை மருத்துவர்களையும் தபாலையும் பள்ளிக் குழந்தைகளையும் சுமந்தன. ஒருவர் இருவர் ஓட்டும் சிறிய ‘ஸ்கி-டூ’ 1959இல்தான் வந்தது. பொழுதுபோக்கு என்ற நிலைக்கு இந்த வண்டியைக் கொண்டுவந்தது அதுதான்.

இன்று இந்தப் பொழுதுபோக்கில் இரண்டு தனி உலகங்கள் இருக்கின்றன. முதலாவது, செப்பனிட்ட தடங்களில் ஓட்டுவது. இரவில் பெரிய இயந்திரங்கள் பனியை அழுத்திச் சமமாக்கிவிடும். வழிகாட்டிப் பலகைகள் இருக்கும். கார் ஓட்டத் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். வெஸ்ட் யெல்லோஸ்டோனை ஒட்டி ஐடஹோவில் உள்ள ஐலண்ட் பார்க் பகுதியில் மட்டும் இப்படி 800 கிலோமீட்டர் தடம் இருக்கிறது.

இரண்டாவது, தடத்தை விட்டு இறங்கி, யாரும் மிதிக்காத ஆழப்பனியில் ஓட்டுவது. இங்கே வண்டி பனியின் மேல் மிதந்தாக வேண்டும். உட்கார்ந்து ஓட்ட முடியாது. நின்றுகொண்டு, உடல் எடையை இப்படியும் அப்படியும் மாற்றி வண்டியைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். வேகம் குறைந்தால் வண்டி புதையும். குல்மார்க்கிலோ மணாலியிலோ சுற்றுலாப் பயணியாக ஒரு சவாரி போய்வந்த அனுபவம் இதற்குத் துளியும் உதவாது.

வண்டியும் வேறு. தடத்தில் ஓடும் வண்டியின் பட்டை சுமார் 129 முதல் 137 அங்குல நீளம். அதில் இருக்கும் ரப்பர் துடுப்புகளின் உயரம் ஒன்றரை அங்குலத்துக்குள். மலை வண்டியின் பட்டையோ 154, 165, சிலவற்றில் 174 அங்குலம்கூட. துடுப்புகள் இரண்டரை முதல் மூன்று அங்குலம். நீளமான பட்டை எடையைப் பரப்புகிறது, உயரமான துடுப்பு பனியை வாரித் தள்ளுகிறது. இன்ஜின் பெரும்பாலும் 600 முதல் 850 சிசி வரையிலான டூ-ஸ்ட்ரோக். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் திறன் குறையும். 2,700 மீட்டர் உயரத்தில் கால் பங்கு திறன் காணாமல் போயிருக்கும். மலையில் பெரிய இன்ஜின் கேட்பதற்குக் காரணம் இதுதான். வேகப் பித்து அல்ல.

எந்த ஊர், எந்த மாதம்?

ஆழப்பனிக்குப் பெயர் பெற்ற ஊர்கள் பல. மொன்டானாவில் குக் சிட்டி. குளிர்காலத்தில் அதற்கு அப்பால் சாலையே திறந்திருக்காது, மொத்த ஊரும் ஸ்னோமொபைலில்தான் நடமாடும். வயோமிங்கில் 2,900 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் டோகோட்டி கணவாய். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக். அதன் அருகே உள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கு மேல் பனி பொழிந்தது, கனடாவின் சாதனை அளவு அது.

முதல் முறை போகிறவர்களுக்கு, அதுவும் பணத்தைப் பார்த்துச் செலவழிக்க நினைப்பவர்களுக்கு, வெஸ்ட் யெல்லோஸ்டோன்தான் பொருத்தம். போஸ்மன் விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வாடகைக் கடைகள் பல இருப்பதால் விலையை ஒப்பிட முடியும். மளிகைக் கடை இருக்கிறது. விடுதியிலிருந்தே வண்டியை ஓட்டிப் போகலாம் என்பதால், வண்டியை ஏற்றிச் செல்ல டிரெய்லரும் அதை இழுக்கப் பெரிய டிரக்கும் வேண்டாம். இந்த ஒரு காரணத்தாலேயே நாளொன்றுக்குக் கணிசமான தொகை மிச்சமாகும்.

மாதத்தைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரமும், பிப்ரவரி மூன்றாம் திங்களன்று வரும் அதிபர்கள் தின நீண்ட வார இறுதியும் விலை உச்சத்தில் இருக்கும் நாட்கள். அவற்றைத் தவிருங்கள். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரை, திங்கள் முதல் வியாழன் வரை, அறைக்கும் வண்டிக்கும் பேரம் பேச இடம் உண்டு; பனியும் தூளாக இருக்கும். மார்ச்சில் பகல் நீளும், குளிர் தணியும், விலையும் இறங்கும். ஆனால் தடங்கள் பகலில் இளகி இரவில் கெட்டிப்படும். மலை வண்டிகளின் இன்ஜின் குளிர்வதே பட்டை வாரியடிக்கும் பனித்தூளால்தான். கெட்டியான தடத்தில் தூள் கிளம்பாது, இன்ஜின் சூடாகிவிடும். பனியைச் சுரண்டித் தூளாக்கும் கம்பிகள் வண்டியில் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று மார்ச்சில் வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நால்வர், மூன்று நாள்: ஒரு கணக்கு

நான்கு பேர் சேர்ந்து போவதாக வைத்துக்கொள்வோம். நான்கு இரவு தங்கல், மூன்று நாள் ஓட்டம். கீழே இருப்பது ஒருவருக்கான பங்கு, அமெரிக்க டாலரில். கடைக்குக் கடை, ஆண்டுக்கு ஆண்டு விலை மாறும் என்பதால் இதை ஒரு மாதிரிக் கணக்காக எடுத்துக்கொண்டு, முன்பதிவுக்கு முன் கடைகளில் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மலை வண்டி வாடகை, நாளுக்கு 350 வீதம் 3 நாள்: 1,050
சேதக் காப்புத் தொகை, நாளுக்கு 25: 75
வண்டிக்குப் பெட்ரோல், நாளுக்கு 35: 105
பனிச்சரிவுப் பாதுகாப்புக் கருவிகள் வாடகை, நாளுக்கு 40: 120
உடை, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை, நாளுக்கு 30: 90
சமையலறையுள்ள அறை, இரவுக்கு 180இல் கால் பங்கு: 180
நான்கு சக்கரமும் இழுக்கும் கார் 5 நாள், பெட்ரோலுடன் 500இல் கால் பங்கு: 125
சாப்பாடு 5 நாள், சொந்தச் சமையல்: 125
வழிகாட்டி ஒரு நாள், டிப்ஸ் சேர்த்து 500இல் கால் பங்கு: 125
மாநில அனுமதி ஸ்டிக்கர், சில்லறைச் செலவு: 60
மொத்தம்: 2,055 டாலர், விமானக் கட்டணம் தனி

இந்தக் கணக்கை ஒரு முறை கூர்ந்து பாருங்கள். மொத்தத்தில் பாதி, வண்டி வாடகை. காப்புத் தொகையையும் பெட்ரோலையும் சேர்த்தால் 60 சதவீதம். அறையில் கொஞ்சம், சாப்பாட்டில் கொஞ்சம் என்று பிடிக்கும் மிச்சமெல்லாம் பெரிய வித்தியாசம் செய்யாது. செலவைத் தீர்மானிப்பது, எத்தனை நாள் மலை வண்டி எடுக்கிறோம் என்பதுதான்.

எங்கே குறைக்கலாம்?

முதலில் நாளைக் குறையுங்கள். ஆழப்பனி ஓட்டம் உடலைப் பிழிந்துவிடும். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைப் புதைந்த இடத்திலிருந்து நாலு முறை தூக்கி எடுத்தால் புரியும். முதல் முறை வருபவர்கள் மூன்றாம் நாள் கை தூக்க முடியாமல் இருப்பது சாதாரணம். இரண்டு நாள் ஓட்டமாகச் சுருக்கினால் ஆளுக்கு 550 டாலருக்கு மேல் மிச்சம். பயணம் 1,500 டாலருக்குள் அடங்கிவிடும்.

மூன்று நாளும் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. முதல் நாள், 200 டாலர் அளவில் கிடைக்கும் சாதாரண தடவண்டியை எடுத்துச் செப்பனிட்ட தடங்களில் சுற்றுங்கள். ஆக்ஸிலேட்டர் விசை, பிரேக், குளிர், உயரம் எல்லாம் பழகட்டும். அடுத்த இரண்டு நாள் மலை வண்டி. நூறு டாலருக்கு மேல் மிச்சமாவதோடு, விலை உயர்ந்த வண்டியில் ஏறும்போது கை பழகியிருக்கும்.

உடையை வாங்க வேண்டாம். கடன் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். பனிச்சறுக்குக்குப் போகும் நண்பரின் ஜாக்கெட், பேண்ட் போதும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: உடலை ஒட்டி அணியும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. வண்டியைத் தோண்டி எடுக்கும்போது வியர்த்துக் கொட்டும். ஈரமான பருத்தி காயாது, உடம்பை விறைக்க வைத்துவிடும். கம்பளியோ பாலியெஸ்டரோ அணியுங்கள். கையுறையும் கண்ணாடியும் இரண்டிரண்டு வேண்டும்.

மதிய உணவைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். மலையில் கடை கிடையாது என்பதால் அது சிக்கனமும் கூட, அவசியமும் கூட. பலநாள் வாடகைக்குத் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். சமையலறை வசதியுள்ள அறை ஒன்றில் நால்வர் தங்கினால் உணவகச் செலவு பாதிக்கு மேல் குறையும்.

வாடகைக் கடையில் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். காப்புத் தொகை கட்டிவிட்டதால் எல்லாச் சேதமும் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்களே அதிகம். பெரும்பாலும் ஒரு வரம்பு வரை ஓட்டுபவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பனிக்கடியில் மறைந்திருக்கும் ஒரு மரக்கட்டையில் மோதி முன்பக்க சஸ்பென்ஷன் வளைந்தால் பில் ஆயிரம் டாலரைத் தாண்டும். பயணத்தில் மிச்சம் பிடித்த அத்தனையும் அந்த ஒரு மோதலில் போய்விடும். வண்டியை எடுக்கும்போது சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தடம் விட்டு ஓட்ட அந்தக் கடை அனுமதிக்கிறதா என்பதையும் எழுத்தில் பாருங்கள்.

எங்கே குறைக்கவே கூடாது?

மூன்று இடங்களில் கைவைக்கக் கூடாது. வண்டி, வழிகாட்டி, பனிச்சரிவுப் பாதுகாப்பு.

தடவண்டியை மலிவாக எடுத்துக்கொண்டு ஆழப்பனியில் இறங்குவது பணத்தை வீணாக்கும் வழி. பத்தடி போனதும் புதையும். அன்றைய நாள் முழுவதும் தோண்டுவதிலேயே போகும். இருவருக்கு ஒரு வண்டி என்று பங்கு போடுவதும் வேண்டாம். இரண்டாவது ஆளை ஏற்றினால் வண்டி மிதக்காது. மாற்றி மாற்றி ஓட்டினால் ஒருவர் காட்டில் தனியே நிற்க வேண்டும்.

வழிகாட்டியை முதல் ஆழப்பனி நாளுக்கே அமர்த்துங்கள். அவர் எந்தச் சரிவு பாதுகாப்பானது, எந்த ஓடையின் மேல் பனிப்பாலம் இருக்கிறது, காட்டின் எல்லை எங்கே என்பதெல்லாம் அறிந்தவர். நால்வர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 125 டாலர். அவரிடம் ஒரே நாளில் கற்பதைத் தாமாகக் கற்க ஒரு பருவம் முழுக்க ஆகும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஃபெர்னி நகருக்கு அருகே ஹார்வி கணவாயில், ஸ்பார்வுட் என்ற சிற்றூரைச் சேர்ந்த 11 பேர் ஸ்னோமொபைல் ஓட்டப் போனார்கள். பனி சரிந்து சிலரை மூடியது. மற்றவர்கள் ஓடிவந்து தோண்டிக்கொண்டிருந்தபோது அடுத்த சரிவு அவர்களையும் மூடியது. திரும்பி வந்தவர்கள் மூவர். எட்டுப் பேர் இறந்தார்கள். 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக்கின் போல்டர் மலையில் முறைசாராப் போட்டி ஒன்றைப் பார்க்கச் சரிவின் அடிவாரத்தில் சுமார் 200 பேர் கூடியிருந்தார்கள். மேலே ஏறிய வண்டிகளின் அடியில் பனி அறுந்து இறங்கியது. இருவர் இறந்தார்கள், 30 பேர் அளவில் காயமடைந்தார்கள். பனிச்சரிவு அபாயம் அதிகம் என்ற எச்சரிக்கை அன்று வெளியாகியிருந்தது.

பனிச்சரிவில் சிக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். பனி அடுக்கடுக்காகப் படிகிறது. மேலே கனத்த அடுக்கும் கீழே சர்க்கரைபோல் உதிரும் பலவீனமான அடுக்கும் இருந்தால், ஒரு வண்டியின் எடையே போதும். மேலடுக்கு பலகையாக அறுந்துகொண்டு இறங்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. ஓட்டிகளுக்கு ஆசையூட்டும் சரிவுகளும் அவையே.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. ஆகவே காப்பாற்றப்போவது கூட வந்த நண்பர்தான். அவரிடம் கருவியும் பயிற்சியும் இருந்தால்!

கருவிகள் மூன்று, ஒவ்வொருவரிடமும் கட்டாயம். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் செய்யும் பீக்கன், பனிக்குள் குத்தித் துழாவும் நீண்ட கம்பி, உலோக ஷவல். பீக்கன் உடம்பில் கட்டியிருக்க வேண்டும். ஷவலும் கம்பியும் முதுகுப் பையில் இருக்க வேண்டும். வண்டியில் வைத்தால், வண்டி புதையும்போது அவையும் புதைந்துவிடும். ஏர்பேக் பையின் கைப்பிடியை இழுத்தால் காற்று நிரம்பி ஆளைப் பனியின் மேற்பரப்புக்கு அருகே வைத்திருக்கும். வாங்கினால் ஆயிரம் டாலர் வரை ஆகும், வாடகைக்கு எடுங்கள். நால்வரில் ஒருவராவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்க வேண்டும். மலையில் செல்போன் எடுக்காது.

இந்தத் துறையில் மிக மதிப்புள்ள பல விஷயங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. போஸ்மனில் இருக்கும் கல்லட்டின் தேசிய வனப் பனிச்சரிவு மையம் குளிர்காலம் முழுக்கத் தினமும் அதிகாலையில் அபாய அறிவிப்பு வெளியிடுகிறது; வெஸ்ட் யெல்லோஸ்டோன், குக் சிட்டி இரண்டும் அதில் அடங்கும். கனடாவில் ‘அவலாஞ்ச் கனடா’ இதே வேலையைச் செய்கிறது, ஆரம்பப் பாடங்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அபாய அளவு ஒன்று முதல் ஐந்து வரை. மூன்றாம் நிலை நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான் நடக்கிறது. புதியவர்கள் அறிவிப்பு மூன்றைத் தொட்டால் செங்குத்துச் சரிவுகளை மறந்துவிட்டு, மரங்களுக்கிடையே உள்ள சமவெளிகளிலும் புல்வெளிகளிலும் ஓட்டலாம். ஆழப்பனி அங்கேயும் ஆழப்பனிதான்.

மலையில் நான்கு விதிகள் தவறாமல் கடைப்பிடிக்கப்பட வேண்டும். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே. மேலே ஒருவர் சிக்கிக்கொண்டால் உதவுவதற்காக இன்னொரு வண்டி ஏறக் கூடாது. சரிவின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தும் இடத்தில் வண்டிகள் பக்கம் பக்கமாக, தப்பிக்கும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும்.

சிக்குவீர்கள், வெளியே வருவீர்கள்

ஆழப்பனியில் வண்டி சிக்குவது நிச்சயம். சிக்கியது தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். மேலும் அழுத்தினால் பட்டை குழி பறித்து வண்டி இன்னும் ஆழத்துக்குப் போகும். இறங்கி, பக்கவாட்டுப் பலகைகளின் அடியிலும் முன்னாலும் உள்ள பனியை அகற்றி, காலால் மிதித்து ஒரு பாதை அமையுங்கள். ஒருவர் முன்னால் ஸ்கீயைப் பிடித்து இழுக்க, ஓட்டுபவர் மெதுவாக விசை கொடுத்தால் ஏறிவிடும். சரிவில் சிக்கினால் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் புரட்டித் திருப்புவது சுலபம். அவசரப்பட்டு இடுப்பால் தூக்க வேண்டாம். முதுகுப் பிடிப்போடு பயணம் முடிந்துவிடும்.

நிறுத்தும்போது வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். மறுபடி கிளம்புவது எளிதாகும். பெரிய ஊசியிலை மரங்களின் அடியைச் சுற்றிப் பனி உறுதியில்லாத குழியாக இருக்கும்; தலைகீழாக விழுந்தால் மூச்சு முட்டி இறக்கும் ஆபத்து உண்டு. மரத்தடியை விட்டு விலகியே ஓட்டுங்கள், இருவர் இருவராக ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி. வண்டியின் அவசர நிறுத்தக் கயிற்றை உடையில் மாட்டியிருக்க வேண்டும். மாற்று டிரைவ் பெல்ட் ஒன்று வண்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வண்டி நகராது. மாற்றுவது எப்படி என்று கடைக்காரரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலைதான்.

பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. ஆழப்பனியில் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் தடத்தில் குடிப்பதைவிட வெகுவாகக் குடிக்கும். மாலை மூன்று மணிக்குப் பிறகு புது இடம் தேடிப் போக வேண்டாம். குளிர்காலத்தில் மலைகளுக்கிடையே இருட்டு சீக்கிரம் இறங்கிவிடும்.

காடு நமக்கு மட்டுமல்ல

வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற பெயரைப் பார்த்து, பூங்காவுக்குள்ளேயே ஆழப்பனியில் ஓட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் சாலைகளை விட்டு ஓர் அடி விலகவும் அனுமதி இல்லை. அங்கே ஓட்ட உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும், இல்லையென்றால் ஐந்து வண்டிகளுக்கு மிகாத குழுக்களுக்குக் குலுக்கலில் தரும் அனுமதி வேண்டும். புகையும் சத்தமும் குறைந்த குறிப்பிட்ட வண்டிகளுக்கு மட்டுமே இடம். பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு 2013இல் வந்த விதி இது. ஆழப்பனி ஓட்டமெல்லாம் பூங்காவுக்கு வெளியே உள்ள தேசிய வனப் பகுதிகளில்தான்.

அந்த வனங்களுக்குள்ளும் ‘வில்டர்னஸ்’ என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வண்டி நுழையக் கூடாது. நுழைந்தால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பனி மூடிய காட்டில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. வன இலாகா இலவசமாகத் தரும் குளிர்கால வரைபடத்தைச் செல்போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் பிரச்னை இல்லை.

குளிர்காலத்தில் மூஸ், எல்க் போன்ற விலங்குகள் உடலில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் வசந்தம் வரை தாக்குப்பிடிக்கின்றன. துரத்தினால், ஆழப்பனியில் ஓடிக் களைத்து, தப்பித்த பிறகும் செத்துப்போகக் கூடும். தடத்தில் மூஸ் நின்றால் இன்ஜினை அணைத்துவிட்டு அது போகும்வரை காத்திருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் மலைக் கரிபூ மான்களுக்காகச் சில பகுதிகள் மூடப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட எல்லைகளை ஓட்டிகள் மதிக்காத ஊர்களில் மேலும் மேலும் மலைகள் மூடப்படும். விலங்குக்கும் நல்லது, விளையாட்டுக்கும் நல்லது என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

அங்கேயே வாழ்பவர்களுக்கு

குளிர்காலத்தில் பத்து நாளுக்கு மேல் ஓட்டுவோம் என்று தெரிந்தவர்கள் பழைய வண்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வாடகைக் கணக்கில் பத்து நாள் என்பது 3,500 டாலர். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், சில ஆண்டுகள் ஓடிய மலை வண்டி கிடைக்கும். கோடையில் தேடுங்கள், அப்போது விலை இறங்கியிருக்கும். இன்ஜினின் கம்ப்ரெஷனை அளந்து பார்க்காமல் டூ-ஸ்ட்ரோக் வண்டியை வாங்கக் கூடாது. பட்டையில் துடுப்புகள் கிழிந்திருக்கின்றனவா என்று ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். மினசோட்டா, மிச்சிகன் போன்ற தாழ்ந்த பகுதியிலிருந்து வரும் வண்டியின் கிளட்ச் அந்த உயரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். மலைக்குக் கொண்டுபோகுமுன் கிளட்ச் எடைகளை மாற்ற வேண்டும். யமஹா ஸ்னோமொபைல் தயாரிப்பிலிருந்து விலகுவதாக 2023இல் அறிவித்தது. அதன் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைத்தால், உதிரி பாகம் கிடைக்குமா என்பதை விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பயணக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலைப் படித்துவிடுங்கள். சாகச விளையாட்டு விபத்துகளைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் ஒரே ஒரு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பில் பல பத்தாயிரம் டாலராக வரலாம். கூடுதல் பிரீமியம் கட்டி அந்தக் காப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்வது அவசியம்.

திட்டமிடலை அக்டோபரில் தொடங்குங்கள். இலவசப் பனிச்சரிவுப் பாடத்தை நால்வரும் முடித்துவிடுங்கள். நவம்பரில் வண்டியும் அறையும் வழிகாட்டியும் முன்பதிவு. கிளம்புவதற்கு முந்தைய வாரம், பீக்கனை வாடகைக்கு எடுத்து ஒரு பூங்காவில் ஒளித்து வைத்துத் தேடிப் பழகுங்கள். மலையேறும் அன்று காலை அபாய அறிவிப்பை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்ற மூவரும் கேளுங்கள். பணம் போதவில்லை என்றால் ஒரு நாளைக் குறையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் செப்பனிட்ட தடத்தில் மட்டும் ஓட்டிவிட்டு, ஆழப்பனியை அடுத்த குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீக்கனும் பயிற்சியும் இல்லாமல் மட்டும் தடத்தை விட்டு இறங்காதீர்கள்.